துடிக்கும் இதயத்திலா, நிறுத்தி வைத்தா? செட்டிநாட்டில் இரண்டு பைபாஸ் நோயாளிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர்கள் இருவர். ஒருவர் கல்யாணச் சமையல்காரர், வயது 66. இன்னொருவர் புதுவயல் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர், வயது 57. இருவருக்கும் இதயத்தின் மூன்று தமனிகளிலும் அடைப்பு, இருவருக்கும் மதுரையில் பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறொரு குழாயை இணைக்கும் அறுவை. முதலாமவருக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். இரண்டாமவருக்கு இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டுச் செய்தார்கள். இரண்டு வீட்டாரும் கேட்டது என்னவோ ஒரே முறையைத்தான். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், தொழில் சார்ந்த சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

முதல் நோயாளி

சமையல்காரருக்கு 18 ஆண்டாகச் சர்க்கரை, கூடவே ரத்தக்கொதிப்பு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் உண்டு. கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போன இடத்தில், விடிகாலையில் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது நெஞ்சை அழுத்தியிருக்கிறது. தாடை வரை வலி. வியர்த்தும் கொட்டியிருக்கிறது, ஆனால் அடுப்படியில் யாருக்குத்தான் வியர்க்காது? வாயு என்று நினைத்துப் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, கடைசிப் பந்தி முடியும் வரை நின்றிருக்கிறார். என்னிடம் வந்தது மறுநாள் மாலை.

இசிஜியில் வி4 முதல் வி6 வரை எஸ்டி பகுதி 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது; இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனின் உயர்ந்திருந்தது. மாரடைப்புதான், ஆனால் தமனி முழுதாக அடைபடாத வகை. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் கிளோபிடோகிரெல் 300 மில்லிகிராமும், கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டினும் கொடுத்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போட்டு, காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்கு அனுப்பினோம்.

மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.9. ஹீமோகுளோபின் 11.2. சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் 1.7, அதாவது சிறுநீரக வடிகட்டும் திறன் 44 அளவில். எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 45 சதவீதம், இருக்க வேண்டியதைவிடக் குறைவு. மைட்ரல் வால்வில் லேசான கசிவு, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆஞ்சியோகிராமில் இடது முதன்மைத் தமனியின் முனையில் 60 சதவீத அடைப்பு, முன்புறத் தமனியின் தொடக்கத்தில் 90, பக்கவாட்டுக் கிளையில் 80. வலது தமனி முழுதாக அடைந்து, இடப்பக்கத்திலிருந்து கிளைக்குழாய்கள் வழியே கொஞ்சம் ரத்தம் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அடைப்பை விரித்து ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் வைத்தால் போதாதா என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். சர்க்கரை நோயாளிகளுக்குப் பல தமனிகளில் அடைப்பு இருந்தால் எது நல்லது என்று 1,900 பேரைக் கொண்டு நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம். அதில் இடது முதன்மைத் தமனி அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. இவருக்கு அதுவும் இருந்ததால் பைபாஸ் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

"ஒஸ்தியான முறை"

அவரிடம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தது. பைபாஸ் அதில் அடங்கும். ஆனால் அவர் வழக்கமாகச் சமைக்கும் பெரிய வீட்டு ஆச்சி என்னைத் தேடி வந்துவிட்டார்.

"காப்பீட்டுல போனா பழைய முறையிலதான் பண்ணுவாங்களாமே டாக்டர்? துடிக்கிற இதயத்துல பண்றதுதான் ஒஸ்தியாம். வித்தியாசம் எவ்வளவு ஆனாலும் நாங்க பாத்துக்கறோம். முப்பது வருஷமா எங்க வீட்டு விசேஷம் எல்லாம் அவர் கைதான்."

இந்த எண்ணம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. துடிக்கும் இதயத்தில் செய்வது புதுசு, சின்னது, விலை கூடியது. நிறுத்திச் செய்வது பழசு, பெரியது, ஏழைக்கு. மூன்று வித்தியாசமுமே சரியில்லை. சோவியத் ரஷ்யாவில் லெனின்கிராடு நகரத்தில் கொலெசோவ் என்ற அறுவை மருத்துவர் 1964-இலேயே துடிக்கும் இதயத்தில் மார்புள் தமனியை (மார்பெலும்புக்குப் பின்னால் ஓடுவது) இதயத் தமனியோடு இணைத்துவிட்டார். கிளீவ்லண்டில் ஃபவலோரோ கால் சிரையை எடுத்து பைபாஸ் செய்யத் தொடங்கியது 1967-இல். நம் ஊரைச் சொன்னால், இந்தியாவின் முதல் பைபாஸ் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் நடந்தது. கார்ப்பரேட் மருத்துவமனைகள் வருவதற்கு முன்னால், அரசு ஆஸ்பத்திரியில்!

சின்னதும் இல்லை. இரண்டிலும் மார்பெலும்பை மேலிருந்து கீழ் வரை பிளக்கத்தான் வேண்டும். அதே மார்புள் தமனி, அதே கால் சிரை, அதே ஐசியூ. செலவைப் பார்த்தால், துடிக்கும் இதயத்தில் செய்யும்போது இயந்திரத்தில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் ஆக்சிஜனேட்டரும் அதன் குழாய்களும் மிச்சம். பதிலுக்கு இதயத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலைசர் செலவு. காப்பீட்டில் வருபவர்களுக்கும் பல அறுவை மருத்துவர்கள் துடிக்கும் இதயத்தில்தான் செய்கிறார்கள். இந்தியாவில் அது அவ்வளவு பரவலான முறை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நிறுத்திச் செய்யும் முறையில், உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெபாரின் கொடுத்து ரத்தம் உறையாமல் ஆக்குகிறார்கள். பெருந்தமனியில் ஒரு குழாய், வலது மேலறையில் ஒரு குழாய். ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஆக்சிஜன் வாங்கி, உடலுக்குத் திரும்புகிறது. பிறகு பெருந்தமனியைக் குறுக்கே கிளாம்ப் போட்டு அடைத்து, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை அசையாமல் நிறுத்துகிறார்கள். 1.5 மில்லிமீட்டர் குழாயில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல் போட அசையாத, ரத்தமில்லாத களம் கிடைக்கிறது. அதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. பிளாஸ்டிக் குழாய்களில் ஓடிய ரத்தம் உடல் முழுக்க ஓர் அழற்சியைக் கிளப்பும், நீர்த்துப்போகும், தட்டணுக்கள் சேதமாகும். கிளாம்ப் போடும் இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அதிலிருந்து துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போகலாம்.

துடிக்கும் இதயத்தில் இயந்திரம் இல்லை, குறுக்குக் கிளாம்பும் இல்லை, ஹெபாரினும் குறைவு. தைக்க வேண்டிய சின்ன இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடிக்கும் கவ்வி ஒன்றால் அசையாமல் பிடிக்கிறார்கள். கவ்வியின் பெயர் ஆக்டோபஸ், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1990-களில் உருவானது. முன்புறத் தமனிக்கு இது சுலபம். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் தைக்க இதயத்தைத் தூக்கிப் புரட்ட வேண்டும். ரத்தம் உள்ளே வரும் வழி மடங்கி, ரத்த அழுத்தம் சரியும். மயக்க மருந்து நிபுணரின் நெற்றி சுருங்கும் நேரம் அது.

ஐந்தொகை

ஆச்சி அசரவில்லை. "சரி, லாப நட்டத்தை ஐந்தொகை மாதிரி போட்டுச் சொல்லுங்க" என்றார். வட்டித்தொழில் பார்த்த குடும்பம். கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு முறையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் பெயர் கொரோனரி. 19 நாடுகளில் 79 மருத்துவமனைகள், 4,752 நோயாளிகள். இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. முதல் முடிவு 2012-இல். மரணம், பக்கவாதம், மாரடைப்பு, புதிதாக டயாலிசிஸ் ஆகியவற்றைச் சேர்த்து 30 நாளில் துடிக்கும் இதய முறையில் 9.8 சதவீதம், நிறுத்திய முறையில் 10.3. சமம் என்றே சொல்ல வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்கள் 50.7-க்கு 63.3. கசிவுக்காக மறுபடி மார்பைத் திறந்தது 1.4-க்கு 2.4. சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு 28-க்கு 32.1. இதெல்லாம் துடிக்கும் இதயத்தின் வரவு. பற்று என்னவென்றால், ஒரு மாதத்துக்குள் அடைப்பை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தவர்கள் 0.7 சதவீதம், நிறுத்திய முறையில் 0.2. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது 23.1-க்கு 23.6, அதாவது மறுபடியும் சமம்.

சிறுநீரக வரவை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் ஏறியவர்கள் குறைவு, ஆனால் புதிதாக டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓராண்டில் சிறுநீரகத் திறனிலும் வித்தியாசம் தெரியவில்லை. "கிட்னி வீக், அதனால் துடிக்கும் இதயத்தில்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்வேன். ஆதாரம் அவ்வளவு அழுத்தமாக இல்லை.

இன்னோர் ஆய்வு ரூபி. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2,203 பேர், முதல் முடிவு வெளிவந்தது 2009. அதில் துடிக்கும் இதய முறை தோற்றது. ஓராண்டில் திறந்திருந்த இணைப்புகள் 82.6 சதவீதம், நிறுத்திய முறையில் 87.8. ஐந்தாண்டு மரணம் 15.2-க்கு 11.9. ஒரே கேள்விக்கு ஏன் இரண்டு விடை? கொரோனரி ஆய்வில் அந்த முறையில் 100-க்கு மேல் செய்தவர்களை மட்டுமே கத்தி பிடிக்க விட்டார்கள். ரூபியில் 20 செய்திருந்தால் போதும். பயிற்சி மருத்துவர்களும் செய்தார்கள். துடிக்கும் இதயத்தில் ஆரம்பித்துப் பாதியில் இயந்திரத்துக்கு மாறியது அதில் 12.4 சதவீதம். ஆக, இந்த ஐந்தொகையில் பாதிக்கு மேல் அறுவை மருத்துவரின் கை சம்பந்தப்பட்டது. "அவர் எத்தனை பண்ணியிருக்கார், எத்தனை தடவை நடுவுல மாத்தினார்னு கேளுங்க ஆச்சி, பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன்.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது

கிளோபிடோகிரெல் கொடுத்தாயிற்று என்பதால் 5 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அறுவைக்கு 3 நாள் முன்பே நிறுத்தவில்லை என்றால் சர்க்கரை ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. அதையும் நிறுத்தினார்கள். இந்த இடைவெளியில் சாயம் செலுத்தாத சிடி ஸ்கேன் ஒன்று எடுத்தார்கள். முடிவை மாற்றியது அதுதான்: மேலேறும் பெருந்தமனியில் திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு.

அதுவரை அறுவை மருத்துவர் இரண்டு மனமாகத்தான் இருந்தார். வெளித்தள்ளும் திறன் 45, இடது முதன்மைத் தமனி அடைப்பு, பக்கவாட்டுக் கிளை ஒல்லி. இதெல்லாம் இயந்திரத்தின் பக்கம் இழுத்தது. சிறுநீரகம் எதிர்ப்பக்கம் இழுத்தது, முன்னே சொன்னபடி அவ்வளவு பலமாக இல்லை. பெருந்தமனியைப் பார்த்ததும் விவாதம் முடிந்தது. குழாயும் கிளாம்பும் அங்கே போடக்கூடாது. துடிக்கும் இதயத்தில் செய்தாலும், சிரையின் மேல்முனையைப் பெருந்தமனியில் தைக்கப் பக்கவாட்டுக் கிளாம்ப் ஒன்று போடுவது வழக்கம். அதுவும் கூடாது. பெருந்தமனியைத் தொடவே கூடாது.

அப்படியானால் சிரைக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? இடது மார்புள் தமனியிலிருந்து. அது கழுத்தடித் தமனியில் பிறந்து வருவதால் இயற்கையாகவே ரத்தம் பாயும். அதை முன்புறத் தமனிக்கு இணைத்து, அதன் உடம்பிலிருந்து ஒரு சிரையைக் கிளையாக எடுத்து, முதலில் பக்கவாட்டுக் கிளை, பிறகு வலது தமனியின் நுனி என்று வரிசையாகத் தைப்பது திட்டம். மூன்று இணைப்புக்கும் ஒரே வாசல் என்பது இதன் பலவீனம். இடது கழுத்தடித் தமனியில் அடைப்பு இருந்தால் எல்லாமே கெட்டது. அதனால் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 4 புள்ளிக்குள் வித்தியாசம். செலவில்லாத இந்தச் சோதனையை எத்தனையோ இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

சிரைக்குப் பதில் முன்கைத் தமனியை எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அது நீடித்து உழைக்கும் என்பது உண்மை. ஆனால் இந்தச் சிறுநீரகத்துக்கு என்றாவது டயாலிசிஸ் தேவைப்பட்டால், கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட அந்தத் தமனி வேண்டும். வலது மார்புள் தமனியையும் சேர்த்து எடுத்தால், சர்க்கரை 8.9-இல் இருப்பவருக்கு மார்பெலும்பு ஆறாமல் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். விட்டுவிட்டார்கள்.

அறுவை அரங்கில்

மார்பைத் திறந்ததும் பெருந்தமனி மேல் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தார்கள்; சிடி சொன்னது உறுதியானது. இயந்திரம் அரங்கிலேயே தயாராக நின்றது, இயக்குபவரும் பக்கத்தில். முதலில் மார்புள் தமனியை முன்புறத் தமனிக்குத் தைத்தார்கள். வரிசை முக்கியம்: இதயத்தைப் புரட்டும் முன் அதன் முன்சுவருக்கு நல்ல ரத்தம் கிடைத்துவிட வேண்டும். அது சுலபமாக முடிந்தது.

பக்கவாட்டுக் கிளைக்காக இதயத்தைத் தூக்கியபோது மேல் அழுத்தம் 60-க்கு இறங்கியது, இசிஜியில் மாற்றம் வந்தது. உடனே கீழே வைத்துவிட்டார்கள். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, வலப்பக்கம் சாய்த்து, வலது நுரையீரல் உறையைத் திறந்து இதயம் நகர இடம் கொடுத்தார்கள். அழுத்தத்தை உயர்த்தும் நோரட்ரினலின் ஏற்றப்பட்டது. இரண்டாவது தடவை தூக்கியபோது அழுத்தம் 90-இல் நின்றது. கிளைக்குள் ஷண்ட் எனும் மெல்லிய குழாயை நுழைத்து, தைக்கும்போதும் ரத்தம் போகும்படி செய்தார்கள். அந்தக் கிளையின் உள்விட்டம் 1.25 மில்லிமீட்டர். அறுவைக் குறிப்பில் "தையல் திருப்தி, ஓட்டம் சுமார்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. நேர்மையான வரி. வலது தமனியின் நுனி பிரச்சினை தரவில்லை.

பிறகு புரோட்டமின் கொடுத்து ஹெபாரினை முறித்தார்கள். ரத்தம் ஒரு யூனிட் ஏறியது. மறுநாள் காலை செயற்கைச் சுவாசக்குழாய் எடுக்கப்பட்டது. கை, கால், பேச்சு எல்லாம் சரி. கிரியாட்டினின் 2.1 வரை போய், வீடு திரும்பும்போது 1.8. இரண்டாம் நாள் இரவு இதயம் தாறுமாறாகத் துடித்தது. பைபாஸ் முடிந்தவர்களிடம், எந்த முறையானாலும், அடிக்கடி வருவதுதான். அமியோடரோன் மருந்தில் அடங்கியது.

இரண்டாம் நோயாளி

ஆலைக்காரரின் கதை சுருக்கமானது. சர்க்கரை இல்லை, சிகரெட் உண்டு. ஆலையின் படியேறினால் நெஞ்சு இறுக்கம். கிரியாட்டினின் 0.9, வெளித்தள்ளும் திறன் 55, பெருந்தமனி சுத்தம். பிரச்சினை முன்புறத் தமனியில்தான்: நடுப்பகுதி முழுக்க இதயத் தசைக்குள் புதைந்து கிடந்தது, நெடுக ஒல்லி. நான்கு இணைப்புகள் தேவை.

சிங்கப்பூரில் இருக்கும் மகனும் துடிக்கும் இதய முறையைத்தான் கேட்டார். அறுவை மருத்துவர் (இவர் வேறொருவர்) மறுத்துவிட்டார். "உங்க அப்பாவுக்கு நாலும் ஒழுங்கா போடணும் தம்பி. தசைக்குள்ள தோண்டி அந்தக் குழாயைத் தேடணும். அசையுற இதயத்துல தேடினா கத்தி வலது கீழறைக்குள்ள போயிடும்." தேடல் சரியாகப் போகாமல் நடுவில் அவசரமாக இயந்திரத்துக்கு மாறுவதுதான் இரண்டு முறையையும்விட மோசமான மூன்றாவது முறை என்பதையும் அவர் மகனுக்கு விளக்கினார். ரூபி ஆய்வின் 82.6, 87.8 எண்களை நான் அனுப்பியிருந்தேன். மகன் பொறியாளர், எண்ணைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

இயந்திரத்தில் 96 நிமிடம், கிளாம்ப் 68 நிமிடம், நான்கு இணைப்பும் நல்ல ஓட்டம். ரத்தம் இரண்டு யூனிட் ஏறியது. ஐசியூவில் முதல் இரவு வடிகுழாயில் கசிவு கொஞ்சம் கூடுதல், தானாக நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு "மூட்டைக் கணக்கு தப்புது, பேர் மறக்குது" என்றார். குடும்பம் உடனே இயந்திரத்தைக் குற்றம் சொன்னது. நெதர்லாந்தில் இதையே ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நினைவாற்றல் குறைவதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மயக்க மருந்து, தூக்கமின்மை, ஏற்கெனவே மூளைக் குழாய்களில் இருக்கும் பாதிப்பு எல்லாம் சேர்ந்த விஷயம் அது. இரண்டு மாதத்தில் கணக்கு பழையபடி ஓடியது.

பின்தொடர்தல்

இரண்டு பேருக்கும் மார்பெலும்பைப் பிளந்தது ஒன்றுதான், அது சேர மூன்று மாதம் வரை ஆகும். அரிசி மூட்டையும் அண்டாவும் அதுவரை தொடக்கூடாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னோம். ஆலைக்காரர் கேட்டார். சமையல்காரர் கரண்டி மட்டும்தானே என்று ஆறாவது வாரமே ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். நல்லவேளை, பணியாரம் ஊற்றியதோடு சரி. சர்க்கரைக்குக் கவுனி அரிசி நல்லதாமே என்றும் கேட்டார். அரிசி நல்லதுதான், அதில் அவர் போடும் சீனியையும் தேங்காயையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆலைக்காரர் ஓராண்டில் டிரெட்மில்லை முழுதாக முடித்தார். சிகரெட் இல்லை.

சமையல்காரருக்குப் பத்தாம் மாதம், வேகமாக நடந்தால் இடது மார்பில் லேசான இறுக்கம் திரும்பியது. அணு ஸ்கேனில் பக்கவாட்டுச் சுவரில் சின்னப் பகுதிக்கு மட்டும் ரத்தம் குறைவு. முன்சுவரும் கீழ்ச்சுவரும் நன்றாக இருந்தன. அந்த 1.25 மில்லிமீட்டர் கிளைதான் என்று நினைக்கிறோம். இயந்திரத்தில் செய்திருந்தால் அந்தத் தையல் திறந்தே இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அந்தப் பெருந்தமனியில் கிளாம்ப் போட்டிருந்தால் அவர் இன்று கரண்டி பிடிக்கும் நிலையில் இருந்திருப்பாரா என்பதையும் சேர்த்துத்தான் அதைக் கேட்க வேண்டும். என் வரையில் எடுத்த முடிவு சரி.

இப்போதைக்கு ஆஞ்சியோகிராம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குச் செலுத்தும் சாயம் 1.8 கிரியாட்டினினுக்கு ஆகாது. நெஞ்சு வலிக்கு மெட்டோபிரோலால் கூட்டி, ஐசோசார்பைட் சேர்த்தோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் நாளுக்கு 1 கிராமைத் தாண்டாமல் வைக்கப்பட்டது. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் நிரந்தரம். கிளோபிடோகிரெல் ஓராண்டு முடிந்ததும் நிற்கும். இறுக்கம் குறைந்து, தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, மருந்தை மீறி வலி கூடினாலோ, அன்றைக்கே ஆஞ்சியோ. அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், இசிஜி.